சர்தார் பாயின் முதல் கிளாஸ்

மயிலாப்பூரில் நாகேஸ்வரராவ் பூங்காவுக்குக் காலையில் நடக்க வருகிறவர்களுக்குச் சர்தார் பாயைத் தெரியாமல் இருக்காது. வாசலைத் தாண்டிச் சற்றுத் தள்ளி, மதிலோரம் ஒரு மடக்கு மேஜை. அதன்மேல் ஈரத்துணி போர்த்திய எவர்சில்வர் தூக்குகள். நெல்லிக்காய், அருகம்புல், வாழைத்தண்டு, பாகற்காய் என்று நான்கு சாறு. பின்னால் மதிலில் கட்டிய பிளெக்ஸ் பேனரில் எந்தச் சாற்றுக்கு என்ன பலன் என்று அச்சடித்திருக்கும். பாய்க்கு வீடு மீர்சாகிப்பேட்டையில். சைதாப்பேட்டை மார்க்கெட்டில் காய் எடுத்து, வீட்டில் அரைத்து வடிகட்டி, டிவிஎஸ் வண்டியில் வைத்து விடிவதற்குள் கொண்டுவந்து சேர்த்துவிடுவார்.

அவருக்கு நடந்ததை அவரும் அவர் மனைவி ஷம்ஷாத்தும் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். நான் கண்ணால் கண்டதைக் கண்டதாகவும், அவர்கள் சொல்லிக் கேட்டதைக் கேட்டதாகவும் பிரித்துச் சொல்லியிருக்கிறேன்.

முதலில் அந்தக் கிளாஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு புரளி கிளம்பிற்று. பூங்கா வாசல்களில் சாறு விற்கிறவர்கள் நிறப்பொடி கலக்கிறார்கள், வாய்க்கால் தண்ணீரை ஊற்றுகிறார்கள் என்று. எங்கள் கூட்டத்தில் ஜவஹர் என்று ஒருவர். வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். யாரையும் சீண்டாமல் அவருக்குப் பொழுது விடியாது. அவர்தான் ஒரு நாள் பாயைக் கேட்டார்.

"எங்களுக்கெல்லாம் ஊத்திக் குடுக்கிறியே பாய், நீ குடிப்பியா இத?"

பாய் ஒரு கண்ணாடி கிளாஸ் நிறைய நெல்லிச்சாறு ஊற்றி, பிஸ்மில்லா சொல்லி, ஒரே மூச்சில் குடித்து, கிளாஸைக் கவிழ்த்துக் காட்டினார். மறுநாளும் கேட்காமலே செய்தார். அதற்கு மறுநாளும். பிறகு அதுவே கடையின் முறையாகிவிட்டது. முதல் கிளாஸ் பாயுடையது. அவர் குடித்து மீசையைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் மற்றவர்களுக்கு ஊற்றுவார். நாங்கள் சுற்றி நின்று பார்ப்போம். நடை முடித்துத் தாமதமாக வருகிறவர்கள், "பாய் குடிச்சாச்சா?" என்று கேட்டுக்கொண்டேதான் வருவார்கள். புரளி என்னவாயிற்று என்று யாருக்கும் நினைவில்லை. கிளாஸ் மட்டும் நின்றுவிட்டது.

போன மழைக்காலத்தில் பாயின் கடை திறக்கவில்லை. தூக்கைத் தூக்கும்போது முதுகில் சுளுக்கு விழுந்துவிட்டது என்று பக்கத்து இளநீர்க்காரர் சொன்னார். பொங்கல் கழிந்து கடை மறுபடி திறந்தது. பாய் இளைத்திருந்தார். சட்டைக் கைக்குள் கை மெலிந்து ஆடியது. ஆனால் பழையபடி ஊற்றினார், பிஸ்மில்லா சொன்னார், குடித்தார், கவிழ்த்தார். எங்களுக்கு அது போதுமாயிருந்தது.

சிவராத்திரியை ஒட்டி ஒரு காலை. பாய் முதல் கிளாஸைக் குடித்து முடித்து, அடுத்த கிளாஸை எனக்கு நீட்டினார். நான் கை நீட்டுவதற்குள் அது கீழே விழுந்து உடைந்தது.

"இன்னா பாய், காலைலயே கை தடுமாறுது? ராத்திரி எத்தினி ரவுண்டு?" என்றார் ஜவஹர்.

"நம்ம ரவுண்டெல்லாம் இந்தப் பார்க்கச் சுத்தித்தான் சார்," என்று பாய் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினார். ஒரு துண்டு விரலில் கிழித்து ரத்தம் வந்தது. அதை அவர் கவனிக்கவேயில்லை. நான் சொன்ன பிறகுதான் பார்த்தார். பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

கூட்டம் கலைந்த பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"ராஜகோபால் சார், கிளாஸு வுழுந்தது எனக்குத் தெரியல. சத்தம் கேட்டுத்தான் பாத்தேன். கையிலயே கீதுன்னு நெனச்சிக்கினு நின்னேன்."

"ஏன் பாய், என்ன ஆச்சு?"

அவர் ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்தார். "சுளுக்கு இல்ல சார். கேன்சரு. எலும்புக்குள்ள, ரத்தம் ஊறுற எடத்துல. யாருகிட்டயும் சொல்லிடாதீங்க. கேன்சர்காரன் கையால ஊத்துனத எவன் குடிப்பான்?"

அவர் சொல்லிக் கேட்டது இனி. மழைக்கு முன்னால் முதுகுவலி வந்தது. ராயப்பேட்டையில் ஒருவரிடம் எண்ணெய் போட்டு உருவிக்கொண்டார். வலி கூடிற்று. படம் எடுத்துப் பார்த்தபோது முதுகெலும்பில் ஒன்று நசுங்கியிருந்தது. பளு தூக்கி நசுங்கியதில்லை, உள்ளேயே அரித்துப்போய் நசுங்கியது. ரத்தம் எடுத்தார்கள், இடுப்பெலும்பில் ஊசி விட்டு மஜ்ஜை எடுத்தார்கள். மயலோமா என்று பெயர் சொன்னார்கள். அடையாறு பக்கம் ஒரு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே டாக்டர் லாவண்யா என்று ஒரு பெண் மருத்துவர். செவ்வாய்க்கிழமைதோறும் வயிற்றுத் தோலுக்கடியில் ஒரு ஊசி, கூட மாத்திரைகள். போர்டெசோமிப் என்பது ஊசிமருந்தின் பெயர்.

அந்த மருந்து என்ன செய்கிறது என்பதைப் பின்னால் டாக்டரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். நான் புரிந்துகொண்டது இது. நம் உடம்பின் ஒவ்வொரு செல்லும் ஓயாமல் புரதம் செய்துகொண்டிருக்கிறது. சில புரதங்கள் கோணலாக மடிந்துவிடும், சில பழசாகிவிடும், சிலவற்றின் வேலை முடிந்துவிடும். அவற்றைத் துண்டு துண்டாக வெட்ட செல்லுக்குள்ளேயே பீப்பாய் வடிவத்தில் ஒரு பொறி இருக்கிறது. புரோட்டியசோம் என்பார்கள். அகப்பட்டதையெல்லாம் அது விழுங்குவதில்லை. வேண்டாத புரதத்தின்மேல் யூபிக்விட்டின் என்ற சின்னஞ்சிறு புரதத்தைச் சங்கிலிபோலக் கோத்து ஒட்டி, இது போகலாம் என்று செல் அடையாளம் வைக்கிறது. அடையாளம் உள்ளதுதான் பீப்பாய்க்குள் போகும். காய்ச்சலோ அழற்சியோ பட்டினியோ வந்து செல் நெருக்கடியில் இருக்கும்போது கோணல் புரதங்கள் பெருகும். அப்போது எதை உடைப்பது, எதை விட்டுவைப்பது என்கிற இந்தத் தேர்வும் மும்முரமாகும். நோய் நீடித்தால் தசையின் புரதத்தின்மேலும் அடையாளம் விழத் தொடங்கிவிடும். பாயின் கை மெலிந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

கிருமிகளை எதிர்க்கும் புரதங்களைச் செய்வதற்கென்றே மஜ்ஜையில் சில செல்கள் உண்டு. பாய்க்குக் கெட்டுப்போனவை அவைதாம். அவை எதற்கும் உதவாத ஒரே புரதத்தை நிறுத்தாமல் செய்து ரத்தத்தில் கொட்டுகின்றன. இப்படிச் செய்கிற செல்லுக்குக் கழிவும் மலைபோலச் சேரும். வெட்டும் பொறி ஓயாமல் ஓடினால்தான் அது பிழைத்திருக்க முடியும். ஊசிமருந்து போய் அந்தப் பொறியை அடைத்துவிடுகிறது. கெட்ட செல் தன் கழிவிலேயே மூச்சுமுட்டிச் சாகிறது. நல்ல செல்களுக்கும் சிரமம்தான், ஆனால் தாங்கிக்கொள்ளும். நரம்புகள் மட்டும் அவ்வளவாகத் தாங்குவதில்லை. விரல் மரத்துப்போவது அதனால்தான்.

பாய் இதைத் தன் கணக்கில் புரிந்துவைத்திருந்தார்.

"சக்க சார். அரைச்ச சக்கைய ரெண்டு நாளு வாராம வுட்டா வூடே நாறிப்பூடும் இல்ல? ஊசியப் போட்டு அந்தத் திருட்டு செல்லுங்க சக்கைய வாரவுடாம அடைக்கிறாங்க. அது உள்ளயே நாறிச் சாவுது. நல்ல ஐடியாதான். ஆனா ஒண்ணு சார், அது எனுக்குள்ளதானே நாறுது?"

அதைச் சொல்லும்போது அவர் தன் நெஞ்சைத் தொட்டுக்கொள்ளவில்லை. கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். தன் உடம்பைத் தொடவே அவருக்கு அந்த நாட்களில் பயமாக இருந்தது என்று ஷம்ஷாத் பிறகு சொன்னார். குளிக்கும்போதுகூட இடுப்பெலும்பின் பக்கம் சோப்பு போட மாட்டாராம்.

ஊசி ஆரம்பித்தபோது எல்லாம் நன்றாகவே போயிற்று. ரத்தத்தில் அந்த வீண் புரதம் எவ்வளவு என்று மாதாமாதம் பார்ப்பார்கள். நாலுக்கு மேல் இருந்தது பொங்கலுக்குள் இரண்டுக்குக் கீழே வந்துவிட்டது. வலி குறைந்தது. பாய் எழுந்து நடமாடி, கடையையும் திறந்தார். அடுத்த மாதம் எண் இறங்காமல் நின்றது. அதற்கடுத்த மாதம் ஏறிற்று.

அந்த ரிப்போர்ட் வந்த கவரை ஷம்ஷாத் ஃபிரிட்ஜின் மேல் வைத்திருந்தார். பாய் ஃபிரிட்ஜுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் சாப்பிடுவார். தண்ணீர் எடுக்கக்கூட அந்தப் பக்கம் போக மாட்டார். நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்த அன்று அந்த அறையில் மூன்று பேரும் அந்தக் கவரைப் பார்க்காமல் பேசிக்கொண்டிருந்தோம்.

"இவரு தூங்கறதே இல்ல சார்," என்றார் ஷம்ஷாத். "எண்ணு ஏறுதுன்னா, ஊசி போட்டும் அதுங்க சாவலன்னு அர்த்தமாம். பழகிப்போச்சாம் மருந்து. அப்படின்னா வேற மருந்துக்குப் போவணும்னாங்க. அதும் கேக்கலன்னா?"

"அதும் கேக்கலன்னா ஒண்ணுமில்ல," என்றார் பாய். "நீ அழாம இரு."

"நான் எங்க அழுதேன்? நீங்கதான் நேத்து வெங்காயம் உரிக்கிறேன்னு போயி உக்காந்தீங்க. வெங்காயமே வாங்கல நானு."

பாய் என் பக்கம் திரும்பி, "வர்ற செவ்வாக்கெழம டாக்டரம்மா பேசணும்னாங்க. நீங்க கூட வாங்க சார். அவங்க சொல்றப்ப எனக்குக் காது அடைச்சிக்குது. நீங்கன்னா கேட்டு வெச்சிப்பீங்க," என்றார்.

போனேன். இனி நான் கண்டது. பாய் காலையில் கடை போட்டு, முதல் கிளாஸைக் குடித்து, வியாபாரம் முடித்து, வண்டியை வீட்டில் விட்டு, மனைவியோடு லஸ் முனைக்கு வந்தார். மூவரும் பஸ் ஏறினோம். அடையாற்றுப் பாலத்தில் போகும்போது பாய் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். பிடித்திருக்கிறதா என்று தன் கையையே அடிக்கடி பார்த்துக்கொண்டார்.

டாக்டர் லாவண்யா நிதானமாகப் பேசுகிறவர். கோப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆரம்பத்துல நல்லா இறங்கிச்சு. அப்புறம் நின்னு, இப்ப ஏறுது. மருந்துக்கு நோய் பழகிடறது உண்டு. ஆனா இவ்வளவு சீக்கிரமாங்கறதுதான்... சர்தார் சார், பொங்கலுக்கு அப்புறம் என்ன மாறிச்சு? யோசிச்சு சொல்லுங்க."

"ஒண்ணும் மாறலம்மா. ஊசிக்குத் தப்பாம வர்றேன். மாத்திர கரெட்டா போடறேன்."

"வேற மாத்திரை? நாட்டு மருந்து, சத்து மாத்திரை ஏதாவது?"

"இல்லம்மா. மொத நாளே நர்ஸம்மா சொன்னாங்க, வைட்டமின் சி மாத்திர கூடாது, கிரீன் டீ கூடாதுன்னு. என் பையன் ரெஹான் அந்த சப்பிச் சாப்புடற மஞ்ச மாத்திர டப்பா வாங்கியாந்தான், நான் தூக்கிக் கடாசிட்டேன்."

"காலைல என்ன சாப்பிடுவீங்க?"

"ரெண்டு இட்லி. டீ, பால் போட்டது."

"அவ்வளவுதானா?"

"அவ்ளோதான்."

டாக்டர் பெருமூச்சு விட்டுக் கோப்பை மூடப் போனார். "சரி, நீங்க இப்ப வேலைக்குப் போறீங்களா? வியாபாரம்னு போட்டிருக்கு, என்ன வியாபாரம்?"

"ஜூஸுக் கட. நாகேஸ்வரராவ் பார்க்காண்ட. நெல்லிக்கா, அருகம்புல்லு."

டாக்டரின் கை கோப்பின் மேலேயே நின்றது.

"நீங்க குடிப்பீங்களா அத?"

"நானா? சேச்சே, நான் எங்கம்மா குடிக்கப் போறேன், விக்கிறதுக்கே பத்தாது. மொத கிளாஸு மட்டும். அது தொழிலுக்கு. நான் குடிச்சாத்தான் அவங்க குடிப்பாங்க. அது சாப்பாட்டுக் கணக்குல வராது."

"எந்த ஜூஸ்?"

"நெல்லிக்கா."

"தினமும்? ஊசி போடற நாளும்?"

"வேற எப்பிடி? செவ்வாக்கெழமயும் கட உண்டே."

ஷம்ஷாத் புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டார். இதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்கும் புரிந்தது. பாயின் தலைக்குப் பின்னால் தினமும் தொங்குகிற பேனரில் நெல்லிக்காய்ச் சாறு என்று போட்டு அதன் கீழேயே 'வைட்டமின் சி நிறைந்தது' என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. பாய் உருதுப் பள்ளியில் படித்தவர். தமிழ் படிக்கத் தெரியாது. பேனர் அடித்தவர் வழக்கமான வாசகத்தை அடித்துக் கொடுத்தார், பாய் கட்டிவிட்டார். தமிழ் படிக்கத் தெரிந்த நாங்கள் அத்தனை பேரும் அதன் கீழே நின்று அவர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

டாக்டர் விளக்கினார். கிரீன் டீயில் உள்ள சில பொருட்களும் வைட்டமின் சி-யும் இந்த மருந்தின் மூலக்கூற்றைப் பற்றிக்கொண்டு, பொறியை அடைக்கவிடாமல் செய்துவிடக்கூடும். பொறி ஓடினால் கழிவு வெளியேறும். கழிவு வெளியேறினால் கெட்ட செல் பிழைத்துக்கொள்ளும்.

"இது ஆய்வுக்கூடத்துல பாத்த விஷயம்," என்றார். "மனுஷங்க உடம்புல எவ்வளவு நடக்குதுன்னு யாருக்கும் உறுதியாத் தெரியாது. உங்களுக்கு எண் ஏறினது இதனாலதான்னு நான் சொல்ல மாட்டேன். மருந்துக்குப் பழகிப்போயிருக்கவும் வாய்ப்பு இருக்கு. ஆனா இத முழுசா நிறுத்திட்டு ஒரு மாசம் பார்ப்போம். அப்பவும் ஏறினா மருந்த மாத்தித்தான் ஆகணும்."

"மாத்துனா சரியாப் பூடுமாம்மா?" என்று பாய் கேட்டார்.

டாக்டர் உடனே பதில் சொல்லவில்லை. அந்தச் சிறிய இடைவெளியைத்தான் பாய் பிறகு பலமுறை எனக்குச் சொல்லிக்காட்டினார். "அம்மா சொன்னது எனுக்கு மறந்துபோச்சு சார். சொல்லாம இருந்தாங்க பாருங்க, அது மறக்கல."

திரும்பும் பஸ்ஸில் பாய் மந்தைவெளி தாண்டியதும் மெல்லக் கேட்டார். "சார், நாளைக்கு மொத கிளாஸுக்கு இன்னா பண்றது?"

"குடிக்காதீங்க. முடியாதுன்னு சொல்லிடுங்க."

"ஏன்னு கேப்பாங்களே. ஜவஹர் சாரு வுடுவாரா? நோவுன்னு சொன்னா கட போச்சு. சொல்லாம நிறுத்துனா ஜூஸுல இன்னமோ கீதுன்னுவாங்க, அப்பவும் கட போச்சு."

"கட போனா போவுது," என்றார் ஷம்ஷாத். "நீங்க போனா?"

மறுநாள் காலை நான் போனபோது பாய் கையில் கண்ணாடி கிளாஸ் இல்லை. புதிதாக ஒரு எவர்சில்வர் டம்ளர். தூக்குக்குப் பின்னால் குனிந்து எதையோ ஊற்றி, நிமிர்ந்து, பிஸ்மில்லா சொல்லிக் குடித்துக் கவிழ்த்தார். உள்ளே வெறும் தண்ணீர். எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியும். பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தெரியாது. நெல்லிச்சாறு குடித்தால் யாருக்கும் ஒரு கண் தானாகச் சுருங்கும். பாய் கண்ணைச் சுருக்கவும் மறக்கவில்லை.

அப்படியே கொஞ்ச நாள் ஓடிற்று. கூட்டத்தில் யாராவது ஒரு அடி முன்னால் வந்தால் அவர் தோள் விறைப்பதைப் பார்த்திருக்கிறேன். விரல் மரத்துப்போனவர் ஆதலால் டம்ளரை இரண்டு கையாலும் பிடிப்பார். அதுவே பார்க்க வித்தியாசமாக இருந்தது.

இரண்டாவது செவ்வாய்க்கிழமை ஷம்ஷாத்தும் கடைக்கு வந்திருந்தார். மேஜையை மடக்கிவிட்டு அப்படியே மருத்துவமனைக்குப் போவதாக ஏற்பாடு. பாய் டம்ளரை வாயருகே கொண்டுபோனார். பக்கவாட்டிலிருந்து ஒரு கை நீண்டு டம்ளரைப் பிடித்துக்கொண்டது. ஜவஹர்.

"கிளாஸு இன்னாத்துக்கு மாறிச்சு பாய்? பத்து நாளா பாக்கிறேன். காட்டு பார்க்கலாம்."

எட்டிப் பார்த்தார். டம்ளரை எல்லோருக்கும் சாய்த்துக் காட்டினார். தண்ணீர் தரையில் வழிந்தது.

"பச்சத் தண்ணி! நமக்கு ஜூஸு, இவருக்குப் பச்சத் தண்ணி! யாரும் குடிக்காதீங்கப்பா. இன்னா கலந்து கீதோ, அவனே குடிக்க மாட்டேங்கிறான்."

கூட்டம் முணுமுணுத்தது. ஒருவர் வாயில் வைத்திருந்ததை மதிலோரம் துப்பினார். ஜவஹர் கண்ணாடி கிளாஸ் ஒன்றை எடுத்து, தானே தூக்கிலிருந்து நெல்லிச்சாறு மொண்டு, பாயின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இதக் குடி. குடிச்சிட்டா நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

பாய் கிளாஸை வாங்கினார். இரண்டு கையாலும். நான் "பாய்!" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. இத்தனை வருடப் பழக்கமோ, அவமானமோ, கிளாஸ் மேலே போய்க்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் வயிற்றில் ஊசி ஏறப்போகிற ஆள். விளிம்பு மீசையில் பட்டுவிட்டது.

ஷம்ஷாத் அதைப் பறித்தார். பறித்த வேகத்தில் பாதி அவர் புடவையில் கொட்டிற்று. மீதியை அவரே குடித்தார். அவர் வாழ்நாளில் நெல்லிச்சாறு குடித்ததில்லை, புளிப்பு அவருக்கு ஆகாது என்று எனக்குத் தெரியும். முகம் கோணி, கண்ணில் நீர் வந்து, இருமிக்கொண்டே கிளாஸைக் கவிழ்த்துக் காட்டினார்.

"ஜூஸு நல்லாத்தான் கீது. பாத்துக்கோங்க, நான் குடிச்சேன். அவரு குடிக்கக் கூடாது. அவருக்குக் கேன்சரு. ஊசி போட்டுக்கினு கீறாரு. இதக் குடிச்சா மருந்து வேல செய்யாதாம். இத்தினி நாளு உங்களுக்கோசரம் குடிச்சிக் குடிச்சித்தான் எண்ணு ஏறிப் போய்க்கினு கீது. போதுமா சார்?"

பாய் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றார். யாரிடமும் சொல்லக்கூடாது என்று இத்தனை மாதம் காத்தது தெருவில் கிடந்தது.

ஜவஹர், "இது... தொத்தாது இல்ல?" என்று என்னைக் கேட்டார். அவருக்கும் பயம்தான். தொற்றாது என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, நடைக்குச்சியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வேறு சிலரும் போனார்கள். அவர்களில் மூன்று நான்கு பேர் இன்றுவரை திரும்பவில்லை.

மறுநாளிலிருந்து ஷம்ஷாத்தே கடைக்கு வந்து முதல் கிளாஸைக் குடித்தார். ஜவஹர் சனிக்கிழமை வந்தார். கூட்டத்தின் பின்னால் நின்றார். முன்னாலிருந்தவர்கள் விலகியதும் ஷம்ஷாத்தைப் பார்த்து, "குடிச்சாச்சாம்மா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்ல சார். நீங்க வரட்டும்னுதான்," என்று ஷம்ஷாத் ஊற்றிக் குடித்து, முகத்தை அஷ்டகோணலாக்கிக்கொண்டார். ஜவஹர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. தன் கிளாஸைக் குடித்துவிட்டுப் பாயின் தோளில் ஒரு தடவை கை வைத்தார். பாய், "சீக்கிரம் வாங்க சார் நாளைக்கு, காலி ஆயிடும்," என்றார். மன்னிப்பு என்ற பேச்சு அவர்களுக்குள் வரவில்லை.

மாதம் முடிந்து ரத்தம் எடுத்துக் கொடுத்தார்கள். ரிப்போர்ட் வாங்கப் போன அன்று பாய் காரிடாரிலேயே நின்றுவிட்டார், உள்ளே வர மாட்டேன் என்று. ஷம்ஷாத் கையைப் பிடித்து இழுத்துவந்தார். டாக்டர் காகிதத்தைப் பார்த்தார், பழைய காகிதத்தோடு ஒத்துப் பார்த்தார்.

"ஏறல," என்றார். "கொஞ்சம் இறங்கியிருக்கு."

ஷம்ஷாத் நாற்காலியின் கையை இறுகப் பிடித்தார்.

"ஜூஸ நிறுத்தினதாலயான்னு கேக்காதீங்க, எனக்குத் தெரியாது. இதே மருந்து தொடரலாம். விரல் மரத்துப்போறதுக்கு அளவ கொஞ்சம் குறைக்கிறேன். அடுத்த மாசம் மறுபடி பார்ப்போம்."

"அடுத்த மாசமும் எறங்குமாம்மா?"

"பார்ப்போம்," என்றார் டாக்டர்.

வெளியே வந்து பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது பாய் என்னிடம் சொன்னார். "ஏறுனா ஒரு பயம், எறங்குனா ஒரு பயம் சார். எறங்குனத காப்பாத்தணுமே. உள்ள எதெத வெட்டணும், எதெத வுடணும்னு அதுங்களா எழுதி ஒட்டிக்கினு கீது. நான் சொல்லி அதுங்க கேக்கப் போவுதா? நான் பண்ண முடிஞ்சது அந்த ஒரு கிளாஸத் தொடாம இருக்கறதுதான்."

அதையும் ஷம்ஷாத் அவர் பொறுப்பில் விடவில்லை. பேனரை இறக்கிவிட்டார். இன்றும் தினமும் கடைக்கு வந்து முதல் கிளாஸைத் தானே குடிக்கிறார். வீட்டில் பாய் அரைக்கும்போதோ ருசி பார்க்கும்போதோ கைமறதியாக வாயில் வைத்துவிடுவாரோ என்று அவருக்குச் சந்தேகம். அதனால் ஊசி நாட்களில் லஸ் முனையில் பஸ் ஏறுவதற்கு முன்னால் ஒரு சோதனை வைத்திருக்கிறார்.

போன செவ்வாய்க்கிழமை நானும் நிறுத்தத்தில் இருந்தேன். பஸ் தூரத்தில் தெரிந்தது. ஷம்ஷாத் பாயின் சட்டைக் காலரைப் பிடித்துக் குனியவைத்தார்.

"ஊதுங்க."

"எல்லாரும் பாக்கறாங்கமே."

"பாக்கட்டும். ஊதுங்க."

பாய் அவர் முகத்துக்கு நேரே ஊதினார். பக்கத்தில் நின்ற ஒரு பூக்காரம்மா, "காலங்காத்தாலயேவா? பாவம்டி நீ," என்று ஷம்ஷாத்துக்காக வருத்தப்பட்டார். ஷம்ஷாத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண்ணை மூடி மூச்சை இழுத்து, மோந்து பார்த்தார். திருப்தியில்லை.

"இன்னொரு வாட்டி," என்றார்.

பஸ் வந்து நின்றது. பாய் மறுபடி ஊதினார்.